பற்றரிக்கும் கொன்ட்ரோலருக்கும் இடையில்

150 வாற் சூரிய மின் பனல் இரண்டு, 12 வோல்ற் 100 அம்பியர்-மணி லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி ஒன்று, பனலிலிருந்து கூடிய அளவு மின்சாரத்தை எடுத்துப் பற்றரியைச் சார்ஜ் செய்யும் 30 அம்பியர் எம்.பி.பி.ரி. கொன்ட்ரோலர் ஒன்று. மின்சாரம் போனால் இரண்டு மின்விசிறியும் விளக்குகளும் ஓட எங்கள் கொக்குவில் வீட்டுக்கு இது போதும். பனல்கள் ஏற்கெனவே கூரையில் ஏறிவிட்டன. நிதானமாகச் செய்தது பற்றரிப் பக்க வேலையைத்தான்.

முதலில் பியூஸ். இந்தப் பற்றரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பனர் விழுந்தால் பாயும் மின்னோட்டம் இரும்பையே சிவக்க வைக்கும். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை. நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 40 அம்பியர் பியூஸ், அங்கிருந்து 10 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர். பியூஸ் காப்பது தனக்கு அப்பால் உள்ள வயரை மட்டுமே. அதனால்தான் பற்றரியை ஒட்டி வைத்தேன்.

பனல் பக்கத்துக்கு பிரேக்கர் தேடிக் கடைகளில் ஏறி இறங்கினேன். "தம்பி, பிரேக்கர் எல்லாம் ஒன்றுதான், வீட்டுக்குப் போடுவதையே போடுங்கள்" என்றார் ஒருவர். ஒன்றல்ல. வீட்டுக்கு வரும் ஆடலோட்டம் (ஏ.சி.) நொடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுகிறது. பிரேக்கர் விழும்போது எழும் பொறி அந்த இடைவெளியில் அணைந்துவிடும். பனலின் நேரோட்டத்துக்கு (டி.சி.) அந்த இடைவெளி கிடையாது. பொறி நீண்டு பெட்டியையே உருக்கிவிடும். நேரோட்டத்துக்கென்று செய்த 16 அம்பியர் பிரேக்கர் கடைசியில் கிடைத்தது. அதில் நேர், மறை குறி இருந்ததால் திசை பார்த்துப் பூட்டினேன்.

கொன்ட்ரோலருக்கு முதலில் பற்றரி, பிறகுதான் பனல். கழற்றும்போது பனல் முதலில். பற்றரி இல்லாமல் பனலை மட்டும் கொடுத்தால் சில கொன்ட்ரோலர்கள் பழுதாகிவிடும். தொடராக இணைத்த பனல்களை மீற்றரில் பார்த்தபோது 43 வோல்ற். கொன்ட்ரோலர் தாங்குவது 100.

ஈய அமிலப் பற்றரிக்கான அமைப்பிலேயே கொன்ட்ரோலர் வந்திருந்தது. உச்ச மின்னழுத்தத்தை 14.2 ஆகவும், நிரம்பிய பின் 13.5 ஆகவும் மாற்றினேன். சமப்படுத்தும் சார்ஜையும் வெப்பநிலைத் திருத்தத்தையும் நிறுத்தினேன். இரண்டும் லிதியத்துக்கு வேண்டாதவை.

பக்கத்து வீட்டு மாமா தன் ஈய அமிலப் பற்றரியைச் சாமியறை மூலையில் வைத்திருக்கிறார். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஐதரசன் வரும். அருகிலேயே விளக்கு எரிகிறது. சொன்னேன். "பார்ப்போம்" என்கிறார்.

நண்பகலில் 17 அம்பியர் ஓடும்போது கொன்ட்ரோலர் முனையிலும் பற்றரி முனையிலும் அளந்தேன். வித்தியாசம் 0.1 வோல்ற். அரை வோல்ற் வந்திருந்தால் எங்கோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது என்று பொருள். வயர் நுனிகளில் பூட்டிய லக்குகளும் சூடாகவில்லை.

மீதி இருப்பது பனல் சட்டத்துக்கு எர்த். இந்தச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் செப்புக்கோலை இறக்குவது இலேசல்ல. கிணற்றடி வாழைப்பாத்தியில் மண் எப்போதும் ஈரமாக இருப்பதால் அங்கே அடிக்கப்போகிறேன், ஐப்பசி இடி தொடங்கும் முன்னர்.