ரீபில்ட் டைட்டில் உள்ள எம்3: வாங்கலாமா என்று ஆராய்ந்த அனுபவம்

டெக்சாஸில், டாலஸுக்கு அருகே வசிக்கும் நான் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்த 2016ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. எம்3 செடான் ஒன்று 28,500 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில், ஏறத்தாழ அதே ஓட்டத்தில், டைட்டிலில் (காரின் உரிமைப் பத்திரத்தில்) குறை எதுவும் இல்லாத கார்களுக்கு அப்போது நாற்பதாயிரம் டாலரை ஒட்டி விலை கேட்டார்கள். இந்த வித்தியாசத்துக்கான காரணத்தை விற்பவர் மறைக்கவில்லை. கார் ஒருமுறை விபத்தில் சிக்கி, காப்பீட்டு நிறுவனத்தால் கைவிடப்பட்டு, பழுதுபார்க்கப்பட்டு, ரீபில்ட் டைட்டிலுடன் மீண்டும் சாலைக்கு வந்தது என்று விளம்பரத்திலேயே எழுதியிருந்தார்.

அந்தக் குறிப்புக்கு உண்மையில் என்ன மதிப்பு என்பதை முதலில் தெரிந்துகொள்ள விரும்பினேன். டெக்சாஸ் சட்டப்படி, மறுபடி பெயின்ட் அடிக்கும் செலவைச் சேர்க்காமலே, பழுதுபார்க்கும் செலவு விபத்துக்கு முந்தைய மதிப்பைத் தாண்டினால்தான் கார் சால்வேஜ் (சேதமாகிக் கைவிடப்பட்ட கார்) வகைக்குள் வரும். நியூயார்க்கில் அந்த வரம்பு 75 சதவீதம். ஆகவே டெக்சாஸில் சால்வேஜ் ஆன கார் என்றால் அடி லேசானது என்று எண்ணுவதற்கு இடம் குறைவு. பழுதுபார்த்தவர் விடிஆர்-61 என்ற படிவத்தில், மாற்றிய முக்கியப் பாகங்களையும், அவை வேறு காரிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் அந்தக் காரின் வின் எண்ணையும் (ஒவ்வொரு காருக்கும் உரிய தனி அடையாள எண்) எழுதி, கவுன்டி வரி அலுவலகத்தில் கட்டணத்துடன் கொடுக்கிறார். சாதாரணக் கார்களுக்கு ஆண்டுதோறும் இருந்த பாதுகாப்புச் சோதனையையும் டெக்சாஸ் 2025 ஜனவரி 1 முதல் நீக்கிவிட்டது. ரீபில்ட் என்ற குறிப்பைப் பார்த்து, யாரோ ஒருவர் சேஸியை (காரின் அடிச்சட்டகத்தை) அளந்து நற்சான்று கொடுத்திருக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நினைக்க ஆதாரம் எதுவும் இல்லை.

அடுத்து வின் எண்ணை வைத்துத் தேடினேன். 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியே உருவாகி, அமெரிக்க நீதித் துறையின் பொறுப்பில் இருக்கும் தேசிய டைட்டில் தரவுத்தளத்தின் அறிக்கை சில டாலருக்கே கிடைக்கிறது. அதில் சால்வேஜ் பதிவு டெக்சாஸில் மட்டுமே இருந்தது. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்க் குறிப்பை அழித்துத் திரும்பக் கொண்டுவந்த கார் அல்ல என்பதும், வெள்ளத்தில் மூழ்கியதாகப் பதிவு இல்லை என்பதும் தெரிந்தன. ஆனால் அந்த அறிக்கை பழுதுபார்த்த விவரங்களைச் சொல்வதில்லை. அதைவிடப் பயன்பட்டவை, சால்வேஜ் ஏலத்தில் கார் விற்கப்பட்டபோது எடுத்த படங்கள். வின் எண்ணைத் தேடுபொறியில் இட்டதும் அவை கிடைத்தன. முன்பக்க இடது மூலை உள்ளே நசுங்கியிருந்தது. ஸ்டியரிங் ஏர்பேக்கும், ஓட்டுநர் பக்கத்துத் திரை ஏர்பேக்கும் வெடித்துத் தொங்கின. விற்பவர் தொலைபேசியில் முன்பக்க அடி என்று மட்டுமே சொல்லியிருந்தார். நான் கேட்காததால் அவர் ஏர்பேக்கைப் பற்றிச் சொல்லவில்லை என்றும் கொள்ளலாம்.

இந்தக் காரில் முன்பக்க அடி என்பது மற்றக் கார்களைவிடச் செலவு மிகுந்த சங்கதி. 425 குதிரைத்திறன் தரும் அதன் இரட்டை டர்போ எஞ்சினைக் குளிரவைக்க, பம்பருக்குப் பின்னால் பல ரேடியேட்டர்களும் ஆயில் கூலரும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றில் சிறு கசிவு இருந்தாலும் வேகமாக ஓட்டும்போதுதான் அது வெளிப்படும். பானெட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியம், கூரை கார்பன் ஃபைபர். காந்தத்தால் மட்டும் அளக்கும் மலிவான பெயின்ட் அளவி இரும்பின் மேல்தான் வேலை செய்யும் என்பதால், அலுமினியத்தையும் அளக்கும் கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனேன்.

பார்வைக்குக் கார் நன்றாகவே இருந்தது. சொல்லப்போனால் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக. இடது ஃபெண்டரிலும் பானெட்டிலும் பெயின்ட் தடிமன் சற்றே கூடுதல், ஆனால் புட்டி பூசியதற்கான அளவு எங்கும் இல்லை. பி.எம்.டபிள்யூ. கார்களை மட்டும் பார்க்கும் தனியார் பணிமனை ஒன்றில் காரைத் தூக்கிப் பார்த்தோம். வீல் அலைன்மென்ட் மேடையில் முன்சக்கரங்கள் திரும்பும் அச்சின் சாய்வைக் காட்டும் இடது வலது காஸ்டர் கோணங்கள் பிசகாமல் ஒத்திருந்தன. ஃபிரேம் வளைந்த கார் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். இந்த எஞ்சினின் முக்கியச் சுழல் அச்சின் முனையில் உள்ள கிராங்க் ஹப் நழுவும் பிரச்சினையைப் பற்றி உரிமையாளர்கள் நிறையப் பேசுவார்கள். அது டைட்டில் எப்படியிருந்தாலும் உள்ள அபாயம் என்பதால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

காரின் கணினிப் பதிவுகளைப் படிக்கும் ஸ்கேனரில்தான் சிக்கல் தொடங்கியது. பிழைக் குறியீடு எதுவும் இல்லை. ஏர்பேக் விளக்கு இக்னிஷன் போட்டதும் எரிந்து, பின் முறையாக அணைந்தது. ஆனால் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிந்திருந்த வின் எண் இந்தக் காருடையது அல்ல. வேறு காரிலிருந்து எடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். அது விடிஆர்-61 படிவத்தில் இல்லை. பிறகு ஓட்டுநர் சீட் பெல்ட்டை முழுதும் இழுத்து, அதன் அடியில் தைத்திருக்கும் லேபிளைப் பார்த்தோம். அதில் இருந்த தேதி கார் தயாரான காலத்தோடு பொருந்தியது, அதாவது அது அசல் பெல்ட். ஸ்டியரிங் ஏர்பேக் வெடிக்கும் அளவு மோதலில் பெல்ட்டை இறுக்கும் வெடிபொறியும் வேலை செய்திருக்க வேண்டும், அது ஒருமுறைதான் வேலை செய்யும். தபாலில் அனுப்பிப் புதுப்பித்து வாங்கினால் லேபிள் பழையபடியே இருக்கும் என்பது உண்மைதான். விற்பவரும் அப்படியே சொன்னார். அதற்கான ரசீதும், ஸ்டியரிங் ஏர்பேக் எங்கே வாங்கியது என்பதற்கான ரசீதும் கேட்டேன். பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் இருந்த ரசீதுகள் இவற்றுக்கு இல்லை.

ஏர்பேக் ரசீதில் நான் விடாப்பிடியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. தரமற்ற, இறக்குமதி செய்யப்பட்ட மாற்று ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்கள் வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்து உயிர்ப்பலி வாங்கியிருப்பதாக, அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2024இல் எச்சரித்தது. விபத்துக்குப் பின் பழுதுபார்க்கப்பட்ட கார்களை வாங்குபவர்களுக்கான எச்சரிக்கை அது. இந்தக் காரில் இருப்பது அத்தகையதா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் அறிய வழியில்லை.

இடையில் காப்பீட்டுக்கும் விசாரித்திருந்தேன். ஒரு நிறுவனம் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டுமே காப்பீடு தரும் என்றது. இன்னொன்று முழுக் காப்பீடு தர ஒப்புக்கொண்டு, கார் மீண்டும் அழிந்தால் ரீபில்ட் விலையைத்தான் தருவோம் என்றது. என் கிரெடிட் யூனியன் (உறுப்பினர்களின் கூட்டுறவு வங்கி) இத்தகைய டைட்டிலுக்குக் கடனே தருவதில்லை. கையில் உள்ள பணம் முழுவதையும் போட்டு வாங்கி, நாளை விற்கும்போது நானும் இதே தள்ளுபடியைத் தர வேண்டும் என்றால், 11,500 டாலர் லாபம் என்று தொடக்கத்தில் போட்ட கணக்கில் பாதி கூட மிஞ்சாது.

ஆனாலும் உடனே மறுத்துவிடவில்லை. இரண்டு முன் பெல்ட்களையும், ஏர்பேக்குகளையும், கட்டுப்பாட்டுப் பெட்டியையும் டீலரிடமிருந்து புதிதாக வாங்கிப் பொருத்த ஆகும் செலவுக்குப் பணிமனையில் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு தரும்படி கேட்டேன். விற்பவர் பெல்ட்டுக்கு மட்டும் பாதி தருவதாகச் சொன்னார். அவர் பார்வையில் ஓடும் கார் அது, விளக்கும் எரியவில்லை. நான் விலகிக்கொண்டேன். இப்போது பேசிக்கொண்டிருப்பது முப்பதாயிரம் மைல் கூடுதலாக ஓடிய, சுத்தமான டைட்டில் உள்ள 2015ஆம் ஆண்டு எம்3 ஒன்றுக்கு. அதன் காப்பீட்டு மதிப்பீடு வந்துவிட்டது, கிராங்க் ஹப் பற்றிய கேள்விக்குத்தான் உரிமையாளர் இன்னும் பதில் சொல்லவில்லை.