ஆள்வாரி செயல்திறன் அறிக்கை: பூஜ்யம் என்று வந்த சோதனையாளரின் கணக்கைத் திருத்திய கதை

எங்கள் குழுவின் சோதனையாளருக்கு அரையாண்டு மதிப்பீட்டில் விழுந்திருந்த ‘எதிர்பார்ப்புக்குக் கீழ்’ என்ற குறிப்பு ஒருவழியாக நீக்கப்பட்டுவிட்டது. நிம்மதிதான். ஆனாலும் கோபம் இன்னும் ஆறவில்லை. குழுவிலேயே அதிகப் பிழைகளைப் பிடித்தவர் அவர். வாடிக்கையாளரிடம் போயிருந்தால் பெரிய சேதத்தை உண்டாக்கியிருக்கக்கூடிய கோளாறுகளை அவர்தான் தடுத்தார். அப்படிப்பட்டவர் ஏதும் செய்யவில்லை என்று ஒரு வரைபடம் சொன்னது. மேலிடமும் அதை நம்பியது. திட்ட மேலாண்மை மென்பொருளிலிருந்து ஆள்வாரியாக அறிக்கை எடுக்கும் பொறுப்பு உங்களிடமும் வரலாம். நான் முட்டி மோதிய இடங்களை அதற்காகவே எழுதிவைக்கிறேன்.

அறிக்கை எடுப்பதில் சிரமமே இல்லை. மென்பொருளில் ஆயத்தமாக ஒரு வார்ப்பு இருந்தது. பெயர், முடித்த பணிகள், ஸ்டோரி பாயிண்ட் (பணியின் அளவுக்குக் குழு உத்தேசமாகக் கொடுக்கும் எண்), ஒரு பணிக்கான சராசரி நாள், பதிவுசெய்த மணிநேரம் என்று ஐந்து பத்திகள். தேதி வரம்பைக் கொடுத்தவுடன் வண்ணப் பட்டைகளோடு வந்து நின்றது. அதில் சோதனையாளருக்கு எதிரே பூஜ்யம். வெளியீட்டை ஒருங்கிணைப்பவருக்கு மலைபோல் ஒரு பட்டை.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அந்த வார்ப்பு, பணி மூடப்பட்ட நேரத்தில் ‘பொறுப்பாளர்’ கட்டத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்கில் முழுப் பணியையும் சேர்க்கிறது. எங்கள் வழக்கப்படி ஒரு டிக்கெட் (மென்பொருளில் ஒரு பணிக்கான பதிவு) நிரலாளரிடம் தொடங்கி, சோதனைக்குப் போய், பிழை இருந்தால் திரும்பி வந்து, மறுபடியும் சோதனைக்குப் போய், கடைசியில் வெளியீட்டு ஒருங்கிணைப்பாளரிடம் சேரும். மூடுவது அவர் வேலை. கடைசியாகக் கதவைச் சாத்தியவர்தான் வீட்டைக் கட்டினார் என்று எழுதிக்கொடுப்பது போன்ற கணக்கு இது. இது எங்கள் மென்பொருளின் தனிக்குணம் அன்று. ஜிராவிலும் அசானாவிலும் ஒரு பணிக்கு இயல்பாக ஒரே பொறுப்பாளர்தான். ட்ரெல்லோவில் ஓர் அட்டையில் பலரைச் சேர்க்கலாம். அங்கே ஆள்வாரியாக எண்ணினால் ஒரே வேலை பலர் கணக்கில் ஏறும். எந்த மென்பொருளாக இருந்தாலும், அறிக்கையைப் பார்க்குமுன் அது எதை எண்ணுகிறது என்று கேளுங்கள்.

எனக்குத் தேவைப்பட்டது மாற்ற வரலாறு. ஒவ்வொரு டிக்கெட்டும் எப்போது, யாரால், எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு நகர்த்தப்பட்டது என்ற பதிவு. அது மென்பொருளுக்குள் இருக்கிறது. டிக்கெட்டைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. மொத்தமாக இறக்க மட்டும் எனக்கு அனுமதி இல்லை. மென்பொருளின் நிர்வாகிக்குக் கோரிக்கை அனுப்பினேன். ‘அறிக்கைப் பிரிவில் ஏற்கெனவே உள்ளது’ என்று ஒரு வரி எழுதிக் கோரிக்கையை மூடிவிட்டார். மறுபடியும் திறந்து, அந்த அறிக்கையில் வரலாறு இல்லை என்று விளக்கினேன். இந்த முறை எக்செலில் திறக்கக்கூடிய ஒரு சிஎஸ்வி அட்டவணைக் கோப்பு வந்தது. திறந்து பார்த்தால் டிக்கெட்டுகளின் இன்றைய நிலை மட்டுமே. நேரில் போய்க் கேட்டதற்கு, வரலாற்றை இறக்கும் வசதி நாம் வாங்கிய உரிமத்தில் இல்லை என்று கையை விரித்தார். அதை முதல் பதிலிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு அலைச்சல் மிச்சமாகியிருக்கும்!

வழி காட்டியவர் பக்கத்துக் குழுவின் மூத்த நிரலாளர் ஒருவர். ‘நிர்வாகியை விடுங்கள், தேடல் பெட்டியே போதும்’ என்றார். உண்மைதான். பல மென்பொருள்களில் சாதாரணப் பயனரின் தேடலே பழைய நிலையைத் தொடும். ஜிராவில், எடுத்துக்காட்டாக, ‘வாஸ்’ (was) என்ற சொல்லைக் கொண்டு ‘முன்பு எப்போதாவது இவர் பொறுப்பில் இருந்தவை’ என்று தேடலாம். ‘சேஞ்ஜ்டு’ (changed), ‘பை’ (by) என்ற சொற்களைச் சேர்த்து, இந்த நிலையிலிருந்து அந்த நிலைக்கு இந்த நபர் மாற்றியவை என்றும் தேடலாம். இதற்குத் தனி உரிமம் வேண்டாம். நாங்கள் பயன்படுத்துவதிலும் அதற்கு நிகரான வசதி ஒரு மூலையில் இருந்தது. ‘சோதனையில்’ என்ற நிலையிலிருந்து சோதனையாளர் நகர்த்திய எல்லாவற்றையும் கேட்டேன். திரை நிறைந்து வழிந்தது. அந்த நிமிடத்தின் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

நிர்வாகியிடம்தான் போக வேண்டியிருந்தால் ‘அறிக்கை வேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு டிக்கெட்டின் வரலாற்றுப் பகுதியைப் படம் பிடித்து இணைத்து, ‘இந்த வரிகள் எல்லா டிக்கெட்டுகளுக்கும், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேண்டும்’ என்று கேளுங்கள். தட்டிக்கழிக்க இடம் இருக்காது.

இறக்கிய கோப்பில் மூன்று கண்ணிகள் இருந்தன. முதலாவது மிக மோசமானது. ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வரிகளை மென்பொருள் இறக்குவதில்லை. அதை எச்சரிக்கையாகச் சொல்வதும் இல்லை. கடைசி மாதம் முழுக்கக் காலியாக இருந்ததால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. மாதம் மாதமாகப் பிரித்து இறக்கி, திரையில் காட்டும் மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது கண்ணி, தேதி. நாள் முதலா, மாதம் முதலா என்பதில் கோப்புக்கும் எக்செலுக்கும் கருத்து வேறுபாடு இருந்தால், 12 வரையுள்ள நாள்கள் ஓசைப்படாமல் மாதமாக மாறிவிடும். 12-க்கு மேற்பட்டவை வெறும் எழுத்தாக நின்றுவிடும். பத்தியில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் அதுதான் நோய். மூன்றாவது, நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாகியிருந்தது. மாத எல்லையில் முடித்த வேலை பக்கத்து மாதத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

இதற்கு நடுவே இன்னொரு குட்டும் வெளிப்பட்டது. பழைய டிக்கெட்டுகளை ஒழுங்குபடுத்துகிறோம் என்று யாரோ ஒரே நாளில் கட்டுக்கட்டாக மூடியிருக்கிறார்கள். எப்போதோ முடிந்த வேலைகள் எல்லாம் அந்த நாளில் முடிந்ததாகப் பதிவாகி, சிலருடைய சராசரி நாள் கணக்கு தாறுமாறாக ஏறியிருந்தது. ஒரே தேதியில் அளவுக்கு மீறிய பணிகள் முடிந்திருந்தால் அவற்றைத் தனியே எடுத்துவைத்துவிடுங்கள்.

மணிநேரப் பத்தியை நான் அடியோடு நீக்கினேன். துறைத்தலைவருக்கு இதில் ஒப்புதல் இல்லை. வாக்குவாதம் சற்றுச் சூடாகவே நடந்தது. ஆனால் வரலாற்றைப் பார்த்தால் தெரிந்தது: பெரும்பாலோர் வாரக் கடைசியில் ஒரே மூச்சில் நாளுக்கு எட்டு மணிநேரம் என்று நிரப்புகிறார்கள். வாரம் முழுவதையும் ஐந்து நிமிடத்தில் எழுதிய பதிவை வைத்து ஒருவரின் உழைப்பை எடைபோடுவது அநியாயம். அந்தப் பதிவுகள் உருவான நேரத்தைப் பட்டியலிட்டுக் காட்டிய பிறகுதான் அவர் இறங்கிவந்தார்.

ஸ்டோரி பாயிண்ட் விஷயத்தில் அதைவிடக் கடினமாகப் போராட வேண்டியிருந்தது. ‘ஸ்க்ரம் முறைதானே பின்பற்றுகிறோம், அதில் உள்ளதுதானே இது’ என்பது அவர் வாதம். (வேலையை ஸ்பிரிண்ட் என்னும் குறுகிய சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் குழு முறைதான் ஸ்க்ரம்.) 2020-ஆம் ஆண்டின் ஸ்க்ரம் கையேட்டைத் திறந்து, ஸ்டோரி பாயிண்ட் என்ற சொல்லே அதில் இல்லை என்று காட்டினேன். ஸ்டோரி பாயிண்ட் என்பது அடுத்த ஸ்பிரிண்டில் குழு எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தேசமாகத் திட்டமிட உதவும் மதிப்பீடு. அதை ஆளுக்கு ஆள் கூட்டி வரிசைப்படுத்தினால், அடுத்த கூட்டத்திலேயே மூன்று பாயிண்ட் வேலை ஐந்தாக ஏறும். பிறருக்கு உதவப் போனவர் நஷ்டப்படுவார். 2021-இல் நிக்கோல் ஃபோர்ஸ்கிரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ‘ஸ்பேஸ்’ கட்டமைப்பையும் துணைக்கு அழைத்தேன். மனநிறைவு, விளைவு, செயல்பாட்டின் அளவு, ஒத்துழைப்பு, தடையற்ற ஓட்டம் என்று ஐந்து கோணங்களை வைத்து, மென்பொருள் உருவாக்குபவர்களின் உற்பத்தித்திறனை ஒற்றை அளவுகோலால் அளக்க முடியாது என்று வாதிடுகிறது அது. ஆயத்த வார்ப்பு காட்டியது அந்த ஐந்தில் ஒன்றான செயல்பாட்டின் அளவை, அதையும் தவறாக.

பிறகு செய்ததைத்தான் இந்த முழு முயற்சியிலும் முக்கியமானது என்று நினைக்கிறேன். மேலே அனுப்புவதற்கு முன்பு, ஒவ்வொருவருக்கும் அவரவர் பக்கத்தை மட்டும் காட்டினேன். ‘எது விடுபட்டிருக்கிறது?’ என்ற ஒரே கேள்வி. சோதனையாளர் பழைய அறிக்கையைப் பார்த்துவிட்டு, ‘நான் அரை ஆண்டாக வேலைக்கே வரவில்லை என்பதுபோல இருக்கிறதே’ என்றார். புதியதைப் பார்த்ததும், இரண்டு டிக்கெட்டுகளைச் சுட்டிக்காட்டி, இவை என் வேலை இல்லை, நீக்கிவிடுங்கள் என்றார். அவ்வளவு நேர்மை. சராசரி நாள் அதிகம் என்று காட்டப்பட்ட நிரலாளர், தன் டிக்கெட்டுகள் வெளியார் ஒப்புதலுக்காகக் காத்துக்கிடந்ததை அஞ்சல்களோடு நிறுவினார். இன்னொருவர் புதியவர்களின் நிரல்களைச் சரிபார்ப்பதிலேயே பாதி நேரம் செலவிட்டிருக்கிறார். அது திட்ட மென்பொருளில் எங்கும் இல்லை. நிரல் களஞ்சியத்தில் இருந்தது. அவர் தானாக ஒருபோதும் வாய் திறந்திருக்க மாட்டார்.

இவ்வளவையும் முடித்துக்கொண்டு போனால், மனிதவளத் துறையின் படிவத்தில் ஆளுக்கு ஒரே ஒரு எண் கட்டம். இணைப்பு சேர்க்க இடம் இல்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, சோதனையாளரின் கட்டத்தில் ஏற்கெனவே ஒரு மதிப்பீடு நிரம்பியிருந்தது. அந்தப் பழைய வார்ப்பின் எண்களைக் காட்டும் ஆயத்த டாஷ்போர்டை (சுருக்கத் திரையை) பார்க்கும் உரிமை மேலாளர்கள் எல்லோருக்கும் இயல்பாகவே இருக்கிறது. ஒருவர் அதைப் பார்த்து எண்ணை எடுத்து எழுதிவிட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூட்டிய படிவத்தைத் திறக்க முடியாது என்று மனிதவள அலுவலர் முதலில் மறுத்தார். துறைத்தலைவர், வாக்குவாதத்துக்குப் பின் முழுமையாக எங்கள் பக்கம் வந்திருந்தார். அவரே எழுத்தில் கேட்டதும் படிவம் திறந்தது. எண் மாறியது. குறிப்புப் பகுதியில், சோதனையாளர் திருப்பி அனுப்பிய டிக்கெட்டுகளும் அவற்றால் தடுக்கப்பட்ட கோளாறுகளும் இரண்டு பத்திகளில் பதிவாயின. நீங்கள் மேலே எதையும் அனுப்பும் முன்பு, அந்த ஆயத்த டாஷ்போர்டை யார் யார் பார்க்கிறார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள்.

மென்பொருளிலும் சில மாற்றங்கள் செய்துவிட்டோம். சோதனைக்குத் தனி உட்பணி, அதற்குத் தனிப் பொறுப்பாளர். ‘வெளி ஒப்புதலுக்குக் காத்திருப்பு’ என்று ஒரு புதிய நிலை; அதில் கிடக்கும் நாள்கள் யார் கணக்கிலும் ஏறாது. கட்டாக மூடும் உரிமை இப்போது இருவருக்கு மட்டும். மனிதவளப் படிவத்தில் இணைப்புக்கு இடம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த மதிப்பீடு தொடங்கும் முன்பு துறைத்தலைவரோடு நேரிலேயே போகப்போகிறேன்.