அழாமல் தூங்கிய பிள்ளை

எனக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது, இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கும் சர்க்கரை கூடிவிடுமோ என்றுதான் பயந்தேன். குறையும் என்று நினைக்கவே இல்லை.

36 வாரத்தில் மகள் பிறந்தாள், 2.2 கிலோ. பினாங்கில் அன்று விடாத மழை, பிரசவ அறையில் ஏர்கோன் வேறு. எனக்குத் தையல் போட்டு முடித்து வார்டுக்கு வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். “சத்தமே இல்ல, நல்ல பிள்ளை” என்றார் அத்தை. எனக்கும் நிம்மதிதான். காலைத் தொட்டேன், சில்லென்று இருந்தது.

மிஸ்ஸி (நர்ஸ்) அக்குளில் சூடு பார்த்தார்: 35.7. குறைந்தது 36.5 இருக்க வேண்டுமாம். குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்: 1.8 (இங்கே மில்லிமோல் கணக்கு). 2.6க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும்.

“அக்கா, சட்டையக் கழட்டிட்டுப் பிள்ளைய நெஞ்சோட போடுங்க.” தலைக்குத் தொப்பி, எங்கள் இருவருக்கும் மேலே ஒரு போர்வை. சப்ப அவளுக்குத் தெம்பில்லை. சீம்பாலைக் கையால் பீய்ச்சி 1 மில்லி ஊசிக்குழாயில் பிடித்தோம். வெண்ணெய் நிறத்தில், பாதிக்கும் குறைவு. அந்தச் சொட்டுகளைக் கன்னத்தின் உள்பக்கமாக விட்டபோது நாக்கு மெல்ல அசைந்தது. அரை மணி கழித்துப் பார்த்தால் 2.1தான். உடனே குழந்தைகள் வார்டுக்குக் கொண்டுபோய் 10 சதவீத குளுக்கோஸ் டிரிப் போட்டார்கள்.

டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. வயிற்றில் இருக்கும்போது என்னிடமிருந்து போன கூடுதல் சர்க்கரைக்காக அவள் உடம்பு இன்சுலினை நிறையச் சுரந்து பழகியிருக்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை நின்றுவிட்டது, இன்சுலின் நிற்கவில்லை. அதோடு குளிரும் சேர்ந்துகொண்டது. பிறந்த பிள்ளைக்கு நம்மைப் போல நடுங்கிச் சூடேற்ற முடியாது. கழுத்து, முதுகுப் பக்கம் இருக்கும் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்கும், அதில் கையிருப்புச் சர்க்கரையும் கரையும். பிள்ளையை ஈரம் துடைத்து உடனே நெஞ்சில் போடச் சொல்வது இதற்காகத்தான். சர்க்கரை உள்ள தாய்மார்கள் பிரசவத்துக்கு முன்பே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அத்தை தேன் தொட்டுச் சேனை வைக்க ஆசைப்பட்டார். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது என்று மிஸ்ஸி பொறுமையாக எடுத்துச் சொன்னார். அத்தை மறுபேச்சுப் பேசவில்லை.

டிரிப்பைச் சட்டென்று நிறுத்தினால் சர்க்கரை மறுபடி இறங்கிவிடும் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்பும் ஒரு குத்து. நான்காம் நாள் 3.4, அடுத்தது 3.6. அந்தச் சின்னக் குதிகால்களில் 14 புள்ளிகள், எண்ணினேன்.

வீட்டுக்கு வந்த இரவு, எழுப்பாமலேயே பசிக்கு வீறிட்டு அழுதாள். அத்தை பதறி எழுந்து வந்தார்.

“இருங்க அத்தை, கொஞ்சம் அழட்டும்” என்று சொல்லிக்கொண்டே அவளைத் தூக்கினேன். கால் சூடாக இருந்தது.