கவலையில்லா அரண்மனையும் ஓடாத நீரூற்றும்

மே 16, வெள்ளி

நாளைக்கு போட்ஸ்டாம். ஆறு மாதமாக பெர்லினில் இருந்துகொண்டு, மாணவர் டிக்கெட்டிலேயே போய் வரக்கூடிய ஊரை இன்னும் பார்க்கவில்லை என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சான்சூசி அரண்மனைக்குள் போக நேரம் குறித்த டிக்கெட்தான். காலை நேரமெல்லாம் தீர்ந்து, பிற்பகல்தான் கிடைத்தது. திங்கட்கிழமை பம்ப் கணக்கு ஒப்படைக்க வேண்டும், பாதிகூட முடியவில்லை. ஞாயிறு இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம்.

மே 17, சனி, இரவு

கால் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டுத்தான் தூக்கம்.

ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நிலையத்திலிருந்து பஸ் இருந்தும் நடந்தோம். வழியில் பார்த்தால் இங்கேயும் ஒரு பிராண்டன்பர்க் வாசல்! 1770-இல் கட்டியது, பெர்லினில் எல்லாரும் செல்ஃபி எடுக்கிற வாசலைவிட மூத்தது. பாவம், அதன் முன்னால் பெரிதாகக் கூட்டமே இல்லை.

அரண்மனைக்கு முன்னால் வளைவு வளைவாக ஆறு அடுக்குத் திராட்சைத் தோட்டம். சுவரில் வரிசையாகக் கண்ணாடிக் கதவு போட்ட மாடங்கள், குளிர் தாங்காத அத்திச் செடிகளுக்காக. ஒரு கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன், உள்ளே ஓர் அத்தி இலை நரம்பு தெரிய அப்பிக்கொண்டிருந்தது. மொத்தம் 132 படிகளாம், நான் எண்ணியதில் 129, போட்டோவுக்கு நின்றதில் மூன்று எங்கேயோ விட்டுப்போயிற்று.

கீழிருந்து பார்த்தால் அரண்மனையின் கால்பகுதி தெரியாது, மண்ணுக்குள் அமிழ்ந்த மாதிரி இருக்கும். அடித்தளத்தை உயர்த்திக் கட்டலாம் என்று கட்டடக் கலைஞர் க்னோபெல்ஸ்டார்ஃப் சொன்னாராம். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரீட்ரிக்குக்கோ அறையிலிருந்து நேராகத் தோட்டத்துக்கு இறங்க வேண்டும், அதனால் முடியாது என்றுவிட்டார். 1747-இல் வேலை முடிந்தது, ஒரே தளம்தான். உள்ளே போனபோது எனக்கு மன்னர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. அவர் புல்லாங்குழல் வாசித்த இசை அறையின் கூரையில், நட்டநடுவே, தங்கத்தில் ஒரு சிலந்தி வலை. நம் வீட்டில் இருந்தால் ஒட்டடைக் கம்பை எடுத்திருப்போம்.

அப்புறம் கல்லறை. மேல்தளத்தின் ஓரத்தில் ஒரு சாதாரணக் கல் பலகை, பக்கத்தில் அவருடைய நாய்களின் கற்கள். பலகை மேல் யார் யாரோ வைத்துவிட்டுப் போன உருளைக்கிழங்குகள், உழவர்களை உருளைக்கிழங்கு பயிரிடச் சொல்லி 1756-இல் அவர் போட்ட உத்தரவின் நினைவாக. ஒரு கிழங்கு முளையே விட்டிருந்தது. நாய்களோடு புதைக்கச் சொல்லியிருந்தார் மனிதர். 1786-இல் இறந்தபோது அடுத்து வந்த மன்னர், இவருக்கு ஆகவே ஆகாத அப்பா பக்கத்தில், ஒரு தேவாலயத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். இரண்டாம் உலகப்போரில் உப்புச் சுரங்கத்தில் ஒளித்து, அப்புறம் எங்கெங்கோ அலைந்து, 1991-இல்தான் இங்கே வந்து சேர்ந்தார். ‘சான்சூசி’ என்றால் பிரெஞ்சில் ‘கவலையில்லாமல்’ என்று அர்த்தம். 205 வருடம் காத்திருந்து கிடைத்த கவலையின்மை!

ஆனால் எனக்குப் பிடித்தது நீரூற்றுக் கதைதான். பின்னால் இருக்கும் குன்றில் தொட்டி கட்டி, காற்றாலையால் தண்ணீரை மேலே ஏற்றி, அங்கிருந்து தோட்டத்துக்கு இறக்குவது திட்டம். குழாய்கள் குடைந்தெடுத்த மரம். அழுத்தம் தாங்குமா? வெடித்துத் தொலைத்தது. மன்னர் காலத்தில் அது ஒழுங்காக ஓடவே இல்லை. 1842-இல் நீராவி எந்திரம் வைத்த பிறகுதான் 38 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சியதாம். அந்த எந்திர வீட்டைப் பார்க்காமல் ஊர் திரும்ப மனசு வரவில்லை, ஹாஃபெல் நதிக்கரை வரை நடந்தோம் (கால் வலிக்கு இதுதான் காரணம்). பார்ப்பதற்கு அசல் மசூதி. மினாராவாக நிற்பது புகைபோக்கி!

மே 18, ஞாயிறு

பத்து மணிக்கு எழுந்தேன். பம்ப் கணக்கில் குழாயின் உராய்வு இழப்பைச் சேர்க்கவே மறந்திருக்கிறேன், முதல் பக்கத்திலிருந்து திருத்த வேண்டும். மதியம் உருளைக்கிழங்கு வறுவல். மாலை ஆறாகிறது, மூன்றாவது கணக்கில் இன்னும் தண்ணீர் மேலே ஏறவில்லை.