பூஜ்யத்துக்கு இரண்டு அர்த்தம்

"அண்ணா, இந்தப் பூஜ்யம் ஒன்றும் இறங்கவில்லை என்பதா, எவ்வளவு என்று தெரியவில்லை என்பதா?"

கூட்டத்தில், எங்கள் வலைப்பக்கத்தின் படங்கள் எவ்வளவு இறங்குகின்றன என்று காட்டும் என் அட்டவணையைத் திரையில் தொட்டுக் காட்டி அவள் கேட்டாள். "கேச்சிலிருந்து வருகிறது, ஒரு பைட்கூட இறங்கவில்லை" என்றேன். கேச் என்பது உலாவி முன்பே இறக்கிச் சேமித்து வைத்த நகல். படங்களைச் சுருக்கும் வேலை அந்தப் பதிலோடு பட்டியலிலிருந்து போயிற்று.

நான் சொன்னது முழுப் பொய் இல்லை. உலாவி தரும் ரிசோர்ஸ் டைமிங் அளவீட்டில் டிரான்ஸ்ஃபர்சைஸ், அதாவது வலைவழி இறங்கிய அளவு, பூஜ்யமாக இருந்தால் கேச் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் படங்கள் வேறு டொமைனிலிருந்து வந்தவை. அந்த சர்வர் இந்த அளவீடுகளை வேறு தளங்களும் பார்க்கலாம் என்று அனுமதிக்கும் டைமிங்-அலோ-ஆரிஜின் ஹெடரை அனுப்பாவிட்டால், உலாவி அளவை மறைத்துவிட்டு அதே பூஜ்யத்தைத்தான் தரும். இந்த அளவீடுகளை உலாவி சேர்த்து வைக்கும் பஃபர் 250 பதிவுகளோடு நிரம்பிவிடும் என்று தெரிந்து, அதை 1000 ஆக்கி வைத்தவன் நான். இது மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று?

தெரியவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. பக்கத்துக் கட்டத்திலேயே கால அளவு 1,400 மில்லிசெகண்ட் என்று நின்றது. கேச்சிலிருந்து ஒரு படத்தை எடுக்க இவ்வளவு நேரமா? வரிசையில் காத்திருந்த நேரமும் அதில் சேரும் என்று சமாதானம் சொல்லலாம்தான். அன்று அதைக்கூட நான் யோசிக்கவில்லை. அவள் விரல் அந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் இருந்தது. டீகோடட்பாடிசைஸ், அதாவது சுருக்கம் பிரித்தபின் கோப்பின் அளவு, காட்டும் கட்டம் இருந்திருந்தால் கேள்விக்கே இடமில்லை: கேச் என்றால் அதில் படத்தின் அளவு தெரியும், மறைக்கப்பட்டது என்றால் அதுவும் பூஜ்யம். அட்டவணை அகலமாகிறது என்று அதை நீக்கியது நானேதான்.

உண்மையில், அவள் கேட்டது எனக்குக் கேள்வியாகவே படவில்லை. சேர்ந்து நான்கு மாதம் ஆனவள் என்னைச் சோதிக்கிறாள் என்று பட்டது. இப்போது நினைத்தால் கூசுகிறது. என் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்றும் அடுத்த கணமே தோன்றுகிறது.

ஹெடரைச் சேர்த்த அன்று எண்கள் வந்தன. ஒரு படம் 2 எம்பி. அவள் பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை.

அதன்பின் அளவு தெரியாத ஸ்கிரிப்ட்களுக்கு நேரே பூஜ்யத்துக்குப் பதில் ஒரு கோடு போட்டேன். கோடு இருப்பதால் கூட்டுத்தொகை வரவில்லை என்றார் மேலாளர். மறுபேச்சில்லாமல் பூஜ்யமாகவே மாற்றிக் கொடுத்தேன்.