மைனஸ் 18 காட்டினால் போதுமா?

“சேர், தொட்டுப் பாருங்க, கல்லு மாதிரி இரிக்கி. இதில என்ன பிழை?”

பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) என்ற முறையில் சொசேஜ் பிரீசரைச் சோதிக்கப் போன என்னிடம் கல்முனைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் கேட்டது. பிழையில்லை என்பதுதான் என் பதில். போதுமானதா என்பதில்தான் சந்தேகம்.

இரண்டு பக்கெற்றுகளுக்கு நடுவே வெப்பமானியைச் செருகி, எண் அசையாமல் நிற்கும்வரை பார்த்தேன். மைனஸ் 18 பாகை செல்சியஸ். குறை சொல்ல இடமில்லை. ஆனால் உள்ளே சொசேஜ்கள் வளைந்து ஒட்டியிருந்தன. அடிமூலையில் இளஞ்சிவப்பாய் ஒரு பனிக்கட்டி. தூள்தூளாய்ப் பனி கிடந்தால் குளிர் ஏறி இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நிறநீர் கட்டியாய் உறைந்திருந்தால் உருகி, வடிந்து, திரும்ப உறைந்திருக்கிறது. கறண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் பிரீசர் பிளக்கைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

“இப்ப கல்லுத்தான். ராத்திரி எப்பிடி இருந்தது?” என்றேன்.

“லொறியில வரக்குள்ளயே இப்பிடித்தான் வந்தது.”

இல்லையென்று மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

உறை பிரித்து ஐந்தைந்தாய் விற்க வைத்திருந்தவற்றில் யோசனைக்கு இடமிருக்கவில்லை. திகதியும் தொகுதி இலக்கமும் கிழித்த உறையோடு போய்விட்டன. அவர் எழுத்தில் சம்மதம் தந்தார், அழித்தோம். சிக்கல் மூடிய பக்கெற்றுகளில். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் மனித நுகர்வுக்கு ஒவ்வாததை விற்கக்கூடாது என்கிறது. ஒவ்வாதது என்று நீதவானுக்குக் காட்டவேண்டியது நான். மாதிரி அனுப்பலாம்தான். ஆனால் உறைநிலை கிருமிகளில் ஒரு பங்கைக் கொன்றுவிடும். எண்ணிக்கை குறைந்தே வரும். ஸ்டெபிலோகொக்கஸ் என்ற பக்டீரியா அதற்கு முன்பே நஞ்சு விட்டிருந்தால், அது உறைந்தும் அழியாது, கொத்து ரொட்டி போடும் கல்லின் சூட்டிலும் அழியாது. லிஸ்டீரியா என்ற இன்னொரு பக்டீரியா 4 பாகையிலும் வளரும். 2017-18இல் தென்னாபிரிக்காவில் பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சி வழியாகப் பரவி 200 பேருக்கு மேல் கொன்றது அதுதான். நடுப்பகுதி 70 பாகையில் இரண்டு நிமிடம் நின்றால் அது சாகும். இங்கே தோல் சிவந்ததும் எண்ணெயிலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. சொசேஜ் தொழிற்சாலையிலேயே வெந்து, கெடாமல் காக்கும் நைத்திரைற்று உப்புச் சேர்த்து, காற்றுப் புகாமல் அடைத்து வருவது. ஓரிரவு இளகியதெல்லாம் நஞ்சு என்றால் எத்தனை கடைகளில் பூட்டுப் போடுவது? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பிறகு அந்த இளஞ்சிவப்புக் கட்டி ஞாபகம் வரும், வாதம் நின்றுவிடும்.

மூடியவற்றை விற்காமல் விநியோகத்தரிடம் திருப்பும்படி எழுதிக் கொடுத்தேன். அவை வேறொரு ஊர்க் கடைக்குப் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? அடுத்த பிரிவுப் பி.எச்.ஐ.க்குத் தொகுதி இலக்கத்தைச் சொல்லிவைத்தேன். வெப்பநிலைப் பதிவேடு எழுதச் சொல்லவில்லை. ஒரே பேனாவால் ஒரே நாளில் மாதம் முழுவதையும் நிரப்புவார்கள். பதிலாக, ஒரு போத்தலில் பாதிக்கு நீர் விட்டு, நிமிர்த்தி உறையவைத்து, பிறகு பிரீசருக்குள் படுக்கவைத்தேன். உருகினால் நீர் பக்கவாட்டில் ஓடி உறையும், மறைக்க முடியாது.

அதிலும் ஓட்டை உண்டு. சொசேஜில் உப்பிருப்பதால் பூச்சியத்துக்குக் கீழேயே இளகத் தொடங்கும். போத்தல் பனி அப்போதும் அசையாது. இதைக் கடைக்காரரிடம் சொல்வதா விடுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.