ஆஷ்விட்ஸ்: ஒரு முழு நாள் கேட்கும் இடம்

போலந்தின் கிராகோவ் நகரில் ஒரு சுற்றுலாத் திட்டம் பரவலாக விற்கப்படுகிறது. காலையில் ஆஷ்விட்ஸ், மதியம் வியலிச்கா உப்புச் சுரங்கம், ஒரே நாளில் இரண்டும். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது நாஜி ஜெர்மனி நடத்திய ஆஷ்விட்ஸ் வதைமுகாம், குறைந்தது 11 லட்சம் பேர் கொல்லப்பட்ட இடம். அவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள். அதைப் பார்த்த கையோடு இன்னொரு இடத்துக்கு ஓட மனம் இடம் தராது.

ஓஷ்வியென்சிம் என்ற ஊரின் ஜெர்மன் பெயர்தான் ஆஷ்விட்ஸ். கிராகோவிலிருந்து மேற்கே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அருங்காட்சியக வாசல் வரை போகிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். ரயிலில் போனால் நிலையத்திலிருந்து சுமார் 2 கி.மீ. நடக்க வேண்டும்.

நுழைவுக் கட்டணம் கிடையாது, வழிகாட்டிக்கு மட்டும்தான் பணம். ஆனால் அனுமதிச் சீட்டை அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். கோடையில் சீட்டுகள் வேகமாகத் தீர்ந்துவிடும், பகலின் பெரும்பகுதி வழிகாட்டியோடு வருபவர்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். சீட்டில் உங்கள் பெயர் இருக்கும், வாசலில் அடையாள ஆவணத்தோடு ஒப்பிடுவார்கள். இனிஷியல் போட்டு எழுதும் பழக்கத்தை இங்கே விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் பதியுங்கள். பெரிய முதுகுப்பையோடு உள்ளே போக முடியாது. சின்னக் கைப்பை போதும். பாதுகாப்புச் சோதனை உண்டு என்பதால் அரை மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம் என்று அருங்காட்சியகமே சொல்கிறது.

சோதனையைக் கடந்ததும் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே ஒரு நீண்ட பாதை. கொல்லப்பட்டவர்களின் பெயர்களை ஒரு குரல் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருக்கும். இந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

முதல் முகாம் ஒரு காலத்தில் போலந்து ராணுவக் குடியிருப்பு. செங்கல் கட்டடங்கள், வரிசையாக மரங்கள், ஒழுங்கான தெருக்கள். 1940 ஜூன் 14 அன்று தார்னுஃப் நகரிலிருந்து 728 போலந்து அரசியல் கைதிகளை இங்கே கொண்டுவந்தார்கள். 'உழைப்பு விடுதலை தரும்' என்ற இரும்பு வாசகம் வாயிலில் இன்றும் தெரிகிறது, ஆனால் அது நகல். அசல் 2009 டிசம்பரில் திருடப்பட்டு, மூன்று துண்டுகளாக மீட்கப்பட்டது.

எண் 4 கட்டடத்தில் கண்ணாடிக்குப் பின்னே பெண்களின் தலைமுடி குவிந்து கிடக்கிறது, ஏறக்குறைய 2 டன். வருடங்கள் போகப் போக எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டது, ஆனாலும் ஒரு சில பின்னல்கள் அவிழாமல் இருக்கின்றன. இந்த முடியை எடைபோட்டு நெசவாலைகளுக்கு விற்றார்கள். இங்கே படம் எடுக்கக் கூடாது. எண் 11 கட்டடத்தின் நிலவறைச் சிறைகளிலும் அதே விதி; போலந்துப் பாதிரியார் புனித மாக்சிமிலியன் கோல்பே 1941 ஆகஸ்டில் உயிர்விட்ட அறை அங்குதான் இருக்கிறது.

எண் 5 கட்டடத்தில் நிதானமாக நில்லுங்கள். காலணிகள், மூக்குக்கண்ணாடிகள், செயற்கைக் கால்கள். அடுத்துச் சமையல் பாத்திரங்கள்: நீலமும் சிவப்புமாய் எனாமல் உதிர்ந்த சட்டிகள், மூடிகள். கிழக்கே குடியமர்த்தப் போகிறோம் என்று சொல்லித்தான் யூதர்களை நாஜிகள் அழைத்து வந்தார்கள். போன இடத்தில் சமைக்க வேண்டுமே என்று சட்டியையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பெட்டிகளின் மேல் வெள்ளைப் பெயின்டில் பெரிய எழுத்தில் பெயர், ஊர், பிறந்த தேதி. பெட்டி திரும்பக் கைக்கு வரும் என்று நம்பி எழுதியவை. கூட்டமான நாளில் வழிகாட்டி இங்கே உங்களை நகர்த்திக்கொண்டே இருப்பார். முடிந்தால் வழிகாட்டி இல்லாத மாலை நேரச் சீட்டோ, நீண்ட நேரச் சுற்றோ எடுங்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

வழக்கமான சுற்றில் எண் 27 கட்டடம் விடுபடலாம், கேட்டுப் பாருங்கள். ஒரு வெள்ளை அறையில், குழந்தைகளின் உயரத்திலேயே, சுவரில் பென்சில் கோடுகள்: வீடு, பூ, ரயில், துப்பாக்கி பிடித்த ஆள். அந்தக் காலத்து யூதக் குழந்தைகள் வரைந்தவற்றைப் பார்த்து அப்படியே பிரதி எடுத்திருக்கிறார்கள். குனிந்துதான் பார்க்க முடியும்.

அங்கேயே அழுகை வந்தாக வேண்டும் என்பதில்லை. பலருக்கு அந்த நேரத்தில் மனம் மரத்துப்போகும், எண்கள் காதில் விழுந்தாலும் உள்ளே இறங்காது. இரவில் சாப்பிட உட்காரும்போது அந்தச் சட்டிகள் நினைவுக்கு வரும். ஆகவே அன்று மாலை வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, பெரிய முகாமான பிர்கெனாவ் இங்கிருந்து 3 கி.மீ.; இலவச பஸ் போகிறது. களைப்பென்று இதை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஆஷ்விட்ஸின் சிறிய பகுதியை மட்டுமே பார்த்தவர்கள். பெரும்பாலான கொலைகள் நடந்தது பிர்கெனாவில்தான். ஒதுங்க நிழல் கிடையாது, குளிர்காலத்தில் காற்று எலும்பைத் துளைக்கும், மழை பெய்தால் சேறு. நல்ல காலணி அவசியம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செங்கல் புகைபோக்கிகள் நிற்கின்றன. பெரும்பாலான மரக் கொட்டகைகளைப் போருக்குப் பின் பிரித்து எடுத்துவிட்டார்கள். தண்டவாளம் 1944-இல் முகாமுக்குள்ளேயே நீட்டப்பட்டது, ஹங்கேரி யூதர்களை வேகமாகக் கொண்டுவருவதற்காக. அதன் மேல் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். பாதை முடியும் இடத்தில் இரண்டு நச்சுவாயுக் கூடங்களின் இடிபாடுகள். சாட்சியத்தை அழிக்க 1945 ஜனவரியில் நாஜிகளே வெடிவைத்தவை. ஜனவரி 27 அன்று சோவியத் படை வந்தபோது முகாம்களில் ஏறக்குறைய 7,000 பேர் மிஞ்சியிருந்தார்கள்.

பெரும்பாலான குழுக்கள் இத்துடன் திரும்பிவிடுகின்றன. நீங்கள் வலப்பக்கம் பிர்ச் மரங்களை நோக்கி நடங்கள். கூடங்களில் இடமில்லாதபோது தாய்மாரும் குழந்தைகளும் இந்த மரங்களடியில்தான் காத்திருந்தார்கள். அதைக் காட்டும் 1944-ஆம் ஆண்டுப் படங்கள் அதே இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. சற்றுத் தள்ளி 'சௌனா' என்ற செங்கல் கட்டடம். வேலைக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் உடைகளைக் களைந்து, முடியை மழித்த இடம். அதன் கடைசி அறையில், கைதிகள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து, பின்னர் கிடைத்த ஏறக்குறைய 2,400 குடும்பப் புகைப்படங்களிலிருந்து எடுத்த வரிசை இருக்கிறது: கல்யாணம், கடற்கரை, தொட்டில் குழந்தை, தெருவில் சிரித்துக்கொண்டு நடக்கும் இளைஞர்கள். இதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வாசலுக்குத் திரும்பி நடக்க இன்னும் அரை மணி. கடைசி பஸ்ஸின் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.